கணிப்பொறியைத் திறந்து பார்க்கலாமா?



அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் போனால் அம்மா என்ன சொல்வார்? "ஈரத்துணியால் பிடிக்காதே, கை சுட்டுவிடும்" என்பார். காய்ந்த துணியால் பிடித்தால் கை சுடுவதில்லை. அதே துணி நனைந்திருந்தால் சுரீர் என்று சுடுகிறது. தண்ணீர் குளிர்ச்சியானதாயிற்றே, பிறகு ஏன் சுடுகிறது?

காய்ந்த துணியின் நூல்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. துணி நனையும்போது காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 23 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே பாத்திரத்தின் சூடு விரைவாகக் கைக்கு வந்துவிடுகிறது.

சமையலறையில் கையைச் சுடும் இதே உண்மைதான் கணிப்பொறியின் உயிரைக் காப்பாற்றுகிறது. உங்கள் பள்ளியில் 'பழுது' என்று மூலையில் ஒதுக்கப்பட்ட கணிப்பொறிகளில் சில, இந்த உண்மையை யாரும் நினைத்துப் பார்க்காததால் ஒதுக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆசிரியர் உடனிருக்க, மாணவர்கள் கணிப்பொறியைத் திறந்து பார்க்க வேண்டும். அதைத் துடைத்துப் பசை தடவிப் பழுது நீக்கவும் கற்க வேண்டும். இதுவே என் கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேளுங்கள்.

பத்து நிமிடம் மட்டும் ஓடிய கணிப்பொறி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு அறிவியல் பற்றிப் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் கணிப்பொறி அறையைப் பார்க்க விரும்பினேன். பூட்டைத் திறந்தார்கள். பத்துக் கணிப்பொறிகளில் ஐந்துதான் மேசைமேல் இருந்தன. மற்ற ஐந்தும் மூலையில் ஒரு பழைய போர்வையின் கீழ் கிடந்தன. பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டாராம். வாங்கப் பணம் இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு கணிப்பொறிக்கு நான்கு மாணவர்கள் என்று நெருக்கியடித்து உட்கார்ந்து படித்து வந்தார்கள். நால்வரில் ஒருவர் கைதான் விசைப்பலகையில் இருக்கும். மற்ற மூவரும் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், அதுல ஒண்ணு பத்து நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் தானா அணைஞ்சிடும். கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டா மறுபடி ஓடும். போர்டு போயிருந்தா அந்தப் பத்து நிமிஷம் மட்டும் எப்படி சார் ஓடும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! இரண்டு ஆண்டுகளாக அந்த அறைக்கு வந்து போனவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகிறது என்றால், ஓடும்போது ஏதோ ஒன்று சிறிது சிறிதாக ஏறி, ஓய்வில் இறங்குகிறது என்று பொருள். அப்படி ஏறி இறங்குவது என்ன? முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தை.

நகத்தளவு சில்லில் ஒரு பல்பின் வெப்பம்

கணிப்பொறியில் கணக்குப் போடும் பகுதிக்குப் பிராசஸர் என்று பெயர். அது ஒரு சிலிக்கான் சில்லு. அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு நொடியும் பல கோடி முறை மின்சாரத்தைத் திறந்தும் மூடியும் வேலை செய்கின்றன. அதற்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது.

1971 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற பிராசஸரில் 2,300 டிரான்சிஸ்டர்கள்தாம் இருந்தன. அதைக் குளிர்விக்கத் தனிக்கருவி எதுவும் தேவைப்படவில்லை. 1993 இல் வந்த பென்டியம் பிராசஸர் 16 வாட் வரை மின்சாரம் எடுத்தது. இன்று மேசைக் கணிப்பொறிகளில் 65 வாட் பிராசஸர் மிகச் சாதாரணம். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதைத் தொட முடியுமா? அந்த அளவு வெப்பம் கட்டைவிரல் நகத்தளவு சில்லிலிருந்து கிளம்புகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். அதற்காகச் சில்லின்மேல் ஓர் உலோக மூடியும், அதன்மேல் செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன குளிர்விப்பானும் வைக்கிறார்கள். குளிர்விப்பானில் சீப்பின் பற்களைப் போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். ஒரு சிறு மின்விசிறி அவற்றின்மேல் காற்றை வீசிக்கொண்டே இருக்கும்.

சூடு எல்லை மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணிப்பொறி அணைந்துவிடும். இது நோய் அன்று. உயிரைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு.

இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒரு பகைவன்

மூடியும் குளிர்விப்பானின் அடிப்பாகமும் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். உருப்பெருக்கியால் பார்த்தால் இரண்டிலும் மேடுகளும் பள்ளங்களும் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காய்ந்த துணியில் உங்கள் கையைக் காப்பாற்றிய அதே காற்று, இங்கே வெப்பத்தை வெளியே விடாமல் மறித்து நிற்கிறது.

அந்தக் காற்றை வெளியேற்றி அது இருந்த இடத்தை நிரப்பவே 'தெர்மல் பேஸ்ட்' என்னும் வெப்பப் பசை. சிலிக்கோன் எண்ணெய் போன்ற ஒரு குழம்பில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்றவற்றின் மிக நுண்ணிய தூளைக் கலந்து இதைச் செய்கிறார்கள். துத்தநாக ஆக்சைடு உங்களுக்குப் புதியதன்று. வேர்க்குருவுக்குப் பூசும் இளஞ்சிவப்புக் கேலமைன் லோஷனில் இருப்பதும் அதுதான்.

காற்றின் வெப்பக் கடத்தும் திறனை 1 என்று வைத்துக்கொண்டால், தண்ணீருக்கு 23. பல வெப்பப் பசைகளுக்கு 100 முதல் 300 வரை. அலுமினியத்துக்குச் சுமார் 9,000. செம்புக்குச் சுமார் 15,000. இந்த எண்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பசை காற்றைவிட மிக நல்லது. ஆனால் உலோகத்தோடு ஒப்பிட்டால் மிக மோசம்! ஆகவே பசை பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அதுவே ஒரு தடை. "நிறையப் பூசினால் நிறையக் குளிரும்" என்று எண்ணுவது தவறு.

ஒரு மிளகுக் கணக்கு

பிராசஸரின் மூடி 3 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ளது என்று கொள்வோம். பரப்பு 900 சதுர மி.மீ. அதன் வழியே 65 வாட் வெப்பம் சீராகப் பாய்கிறது என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு பசை 0.05 மி.மீ. தடிமனில் இருந்தால், அதன் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு 1 டிகிரிகூட இராது. அதே பசையை அரை மி.மீ. தடிமனில் அப்பினால் வேறுபாடு 7 டிகிரி ஆகும். பசையே இல்லாமல் அந்த 0.05 மி.மீ. இடைவெளி முழுவதும் காற்றாக இருந்தால்? ஏறத்தாழ 139 டிகிரி! உண்மையில் உலோக மேடுகள் அங்கங்கே தொட்டுக்கொள்வதால் நிலைமை அவ்வளவு மோசமாகாது. ஆயினும் காற்று எப்படிப்பட்ட பகைவன் என்பது விளங்குகிறது அல்லவா?

சரி, 0.05 மி.மீ. தடிமனுக்கு எவ்வளவு பசை வேண்டும்? 4.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு மிளகின் கனஅளவைக் கணக்கிடுங்கள். சுமார் 48 கன மி.மீ. வரும். அதை 900 ஆல் வகுத்தால் 0.053. ஒரு மிளகளவு பசை போதும்! கோளத்தின் கனஅளவு எதற்கு உதவும் என்று இனிக் கேட்கமாட்டீர்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சமமான ஓர் ஓட்டின்மேல் மிளகளவு பற்பசை வைத்து, அதன்மேல் பழைய சி.டி. உறையின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வைத்து நேராக அழுத்துங்கள். பற்பசை நடுவிலிருந்து வெளிநோக்கிப் பரவி, காற்றைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு போவதைக் காண்பீர்கள். பிறகு அதைத் துடைத்துவிட்டு, பற்பசையை விரலால் கோடு கோடாகப் பூசி அழுத்திப் பாருங்கள். அங்கங்கே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். (பற்பசையைப் பிராசஸரில் மட்டும் தடவிவிடாதீர்கள்! அதிலுள்ள நீர் வற்றினால் காய்ந்து போகும்.)

போர்வைக்குக் கீழே நடந்த ஆராய்ச்சி

மீண்டும் அந்தப் பள்ளிக்குப் போவோம். ஆசிரியையின் அனுமதியோடு அந்தக் கணிப்பொறியைத் திறந்தோம். குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையே தலையணைப் பஞ்சுபோல் தூசி அடைந்திருந்தது. மாணவர்கள் உடனே எல்லாவற்றையும் துடைத்து, பசையையும் மாற்றிவிடத் துடித்தார்கள். நான் தடுத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எதனால் பலன் கிடைத்தது என்று எப்படித் தெரியும்?

முதலில் தூசியை மட்டும் தூரிகையால் தட்டி எடுத்தோம். பத்து நிமிடத்தில் அணைந்துகொண்டிருந்த கணிப்பொறி, பதினைந்து நிமிடம் ஓடி அணைந்தது. தூசிக்கும் பங்கு உண்டு. ஆனால் முழுப் பங்கும் தூசிக்கு இல்லை. பிறகு குளிர்விப்பானைக் கழற்றினோம். பசை பழைய சுவரின் சுண்ணாம்புபோல் காய்ந்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் வந்ததில் உலோகங்கள் விரிந்து சுருங்கிப் பசையை ஓரத்துக்குத் தள்ளியிருந்தன. நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. துடைத்து, மிளகளவு புதுப்பசை வைத்துப் பொருத்தினோம். அன்று மாலை பள்ளி முடியும்வரை அது அணையவில்லை.

மற்ற நான்கையும் பார்த்தோம். ஒன்று இதே போல் பசை மாற்றியதும் சரியாயிற்று. இன்னொன்றில் மின்வழங்கிப் பெட்டி பழுது. இரண்டில் போர்டு மெய்யாகவே போய்விட்டிருந்தது. ஆக, பசை எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆனால் ஐந்தில் இரண்டு, ஒரு சிறு குழாய்ப் பசைக்காக இரண்டு ஆண்டுகள் போர்வைக்குக் கீழே கிடந்தன. மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "எதனால் பழுது? திறந்து காட்டுங்கள்" என்று அவரை யாரும் கேட்கவில்லையே!

துடைக்கும் முறை, தடவும் முறை

செய்ய விரும்புவோர் முதலில் கணிப்பொறி காட்டும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சரியாக இருந்தால் பசையைத் தொடவே வேண்டாம். நன்றாக இருக்கும் ஒன்றைக் கலைப்பது அறிவியல் ஆகாது.

சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தால் பழைய பசை இளகியிருக்கும். பிறகு மின்இணைப்பைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். கணிப்பொறிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்க இது உதவும். மின்விசிறியின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். குளிர்விப்பானின் பிடிகளைத் தளர்த்தியதும் அதை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்ல இடமும் வலமும் திருகி, ஒட்டு விட்டபின் தூக்குங்கள். இழுத்தால் சிலவகைப் பிராசஸர்கள் அதோடு பெயர்ந்து வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளைந்துபோகும்.

பழைய பசையை நூல் உதிராத மெல்லிய துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம். கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டவும் வேண்டாம். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். மூடி, குளிர்விப்பானின் அடி இரண்டும் உலர்ந்து பளிச்சென்று ஆனபின் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிடும்.

நடுவில் மிளகளவு பசை வைத்துக் குளிர்விப்பானை நேராக இறக்கி அழுத்துங்கள். திருகுகளை எதிர்எதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே மூலையை முழுவதும் முறுக்கினால் குளிர்விப்பான் சாய்ந்து பசை ஒரு பக்கம் ஒதுங்கும். மின்விசிறிக் கம்பியை மீண்டும் மாட்ட மறந்துவிடாதீர்கள்! பசை வாயில் படக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கேலியம் கலந்த திரவ உலோகம் ஒன்றும் கடைகளில் விற்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். உங்களுக்கு அது வேண்டாம். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அணைத்தபின்னும் அதில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

"உடைத்துவிட்டால் யார் பொறுப்பு?"

இப்படிக் கேட்கும் ஆசிரியர்களின் அச்சம் நியாயமானதே. பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே உத்தரவாதக் காலம் முடியாத கணிப்பொறிகளைத் தொட வேண்டாம். முதலில் கழித்துக்கட்டப்பட்ட ஒன்றை மாணவர்களுக்குப் பயிற்சிக்கென ஒதுக்கட்டும். அதில் பத்துமுறை கழற்றிப் பூட்டிய கைக்கே மற்றதைத் தொட உரிமை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாள மாணவர்களை நம்புகிறோம். உயிரியல் வகுப்பில் கூரிய கத்தியைக் கொடுக்கிறோம். கணிப்பொறியில் மட்டும் திருப்புளியைக் கொடுக்க அஞ்சுவானேன்?

"பாடத்திட்டத்தில் இல்லையே" என்பார் சிலர். ஏன் இல்லை? வெப்பக் கடத்தல் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. கோளத்தின் கனஅளவு கணக்கில் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு வேதியியலில் இருக்கிறது. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அறையைத்தான் நாம் பூட்டி வைத்திருக்கிறோம்!

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தக் குவியலில் எத்தனை கருவிகள் காரணம் தேடப்படாமலே எறியப்பட்டிருக்கும்!

எனவே நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு நாள் கணிப்பொறிகளைத் திறந்து பார்க்கும் நாளாக இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த இயந்திரம், என்ன வெப்பநிலை, எப்போது தூசி எடுத்தோம், எப்போது பசை மாற்றினோம், அதன்பின் என்ன வெப்பநிலை என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதைப் பார்த்துத் தொடர்வார்கள். பழுது பார்க்க யார் வந்தாலும் அந்த நோட்டை அவரிடம் நீட்டுங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கணிப்பொறியைப் பற்றி அன்று அதிகம் அறிந்தவள் அல்லள். "பத்து நிமிடம் மட்டும் ஏன் ஓடுகிறது?" என்று கேட்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். பூட்டிய அறையைத் திறந்தது அந்தக் கேள்விதான். உங்கள் பள்ளியிலும் ஒரு போர்வை இருக்கும். நாளைக்கே ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அதை விலக்கிப் பாருங்களேன்!